எந்தச் சமையல் புத்தகம் வாங்கலாம்? மார்த்தாண்டத்து அடுக்களையிலிருந்து ஒரு பதில்

நீ கேட்டது இதுதான். கல்யாணமாகி எட்டு மாதம், குழித்துறையில் வாடகை வீடு, இரண்டு பேருக்கும் வேலை, அம்மா வீட்டில் இருந்தவரை அடுக்களைப் பக்கம் போனதில்லை. இப்போது வாரத்தில் நாலு நாள் கடைச் சாப்பாடு, பணமும் போகிறது, வயிறும் கெடுகிறது. செலவு குறைவாக, உடம்புக்கு நல்லதாகச் சமைக்கச் சொல்லித்தரும் ஒரு புத்தகம் சொல்லுங்கள் டீச்சர் என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியை வேறு பிள்ளைகளும் கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பெயரைச் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் இருபத்தெட்டு வருஷம் மனையியல் பாடம் எடுத்தவள் என்ற முறையிலும், அதைவிட அதிக வருஷம் வீட்டில் உலை வைத்தவள் என்ற முறையிலும் சொல்கிறேன், எந்தப் புத்தகம் உன் சந்தைப் பையோடு ஒத்துப்போகிறதோ அதுதான் உனக்குச் சிக்கனமான புத்தகம். நீ எப்படியும் வாங்கப்போகும் சாமான்களை வைத்தே பத்துக் கறி வைக்கச் சொல்லித்தந்தால் அது பணத்தை மிச்சம் பிடிக்கும். ஒவ்வொரு கறிக்கும் கடைக்கு ஓடவைத்தால், அட்டையில் சிக்கனச் சமையல் என்று போட்டிருந்தாலும் அது செலவுப் புத்தகம்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல் சம்பளத்தில் வாங்கியது ஒரு கெட்டி அட்டைப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். ஒரு மாதம் அதைப் பார்த்துச் சமைத்தேன், மாதக் கடைசியில் பலசரக்குக் கடைப் பற்று வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு. கணக்குப் பார்த்தால் அரிசியோ பருப்போ கூடுதலாகச் செலவாகவில்லை. ஒரு குருமாவுக்குக் கசகசா, இன்னொன்றுக்கு முந்திரி, இன்னொன்றுக்கு ஜாதிக்காய் என்று ஒரு ஸ்பூன் தேவைக்காகப் பொட்டலம் பொட்டலமாக வாங்கியவை எல்லாம் டப்பாவில் வண்டு பிடித்துக் கிடந்தன. அன்றிலிருந்து நான் சமையல் புத்தகத்தைப் படம் பார்த்து வாங்குவதில்லை. முதலில் பொருளடக்கம்தான்.

பொருளடக்கத்தில் என்ன பார்க்க வேண்டும்? கஞ்சி, பயறு, கீரை, கிழங்கு, துவையல், முட்டை, சின்ன மீன் இவற்றுக்கு எத்தனை பக்கம், அல்வா, பிரியாணி, பனீர் இவற்றுக்கு எத்தனை பக்கம் என்று எண்ணிப் பார். முதல் கூட்டம் பாதிப் புத்தகத்துக்கு மேல் இருந்தால் கையில் எடு. பிறகு ஒரு பென்சிலோடு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு பத்து இடத்தில் புத்தகத்தைத் திறந்து, அந்தந்தக் கறிக்கு வேண்டியவற்றில் உன் வீட்டில் இப்போது இல்லாததை மட்டும் எழுது. மார்த்தாண்டம் சந்தையில் ஒரு சுற்றுச் சுற்றினால் கிடைத்துவிடுகிறவற்றை அடித்துவிடு. மிச்சம் எத்தனை? பத்துக் கறிக்கும் சேர்த்து நாலைந்து சாமான் மிச்சமானால் பரவாயில்லை, வாங்கலாம். பதினைந்து இருபது என்று போனால் கடைக்காரரிடம் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடு.

இந்தச் சோதனை நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னும் முக்கியம், ஏனென்றால் நம் சந்தை வேறு. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாம் திருவிதாங்கூரிலும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவர்கள். நாக்கு இன்னும் பாதி அங்கேதான் இருக்கிறது. சென்னையிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வருகிற புத்தகத்தில் சாம்பார் முப்பது வகை இருக்கும், மரச்சீனிக்கு (மரவள்ளிக்கிழங்குக்கு) ஒரு பக்கம் இருக்காது. சக்கைக்குரு (பலாக்கொட்டை), வாழைக்கூம்பு (வாழைப்பூ), சேம்பு, காய்ச்சில் கிழங்கு, சிறுகிழங்கு, ஏத்தங்காய் (நேந்திரங்காய்) தோல், பெரும்பயறு (தட்டைப்பயறு), சாளை (மத்தி மீன்), நெத்திலி என்று இங்கே மலிவாகவும் சில நேரம் சும்மாவும் கிடைக்கிற எதுவும் அதில் வராது. அங்கே மலிவாகக் கிடைப்பதை அவர்கள் எழுதியிருக்கிறார்கள், அது அவர்கள் தப்பு இல்லை. ஆனால் அதைப் பார்த்து நீ இங்கே சமைத்தால், புரையிடத்தில் (வீட்டுத் தோட்டத்தில்) விழுந்து கிடக்கும் சக்கையை விட்டுவிட்டுக் காலிஃபிளவர் வாங்கப் போவாய்.

மரச்சீனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், அது நம் ஊரின் சிக்கனச் சரித்திரம். விசாகம் திருநாள் மகாராஜா காலத்தில் (1880–1885) திருவிதாங்கூரில் பரவிய கிழங்கு இது. 1942இல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. வெளியரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் குடும்பங்கள் பலவற்றை அந்த வருஷங்களில் தாங்கியது கிழங்குதான். என் அம்மா அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கிழங்கும் சாளைக்கறியும் என்று சேர்த்தேதான் சொல்வாள், தனியாகச் சொன்னதில்லை. அதில் ஒரு ஞானம் இருக்கிறது. மரச்சீனி மாவுச்சத்து, புரதம் மிகக் குறைவு. மீனோ பயறோ பக்கத்தில் இல்லாமல் அதை மட்டும் தின்றால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. புத்தகத்தில் கிழங்குப் பக்கத்தைத் திறந்து, அதோடு என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறதா என்று பார்.

இன்னொன்றும் பார், இது விளையாட்டில்லை. மரச்சீனியில் லினமாரின் என்ற பொருள் உண்டு, அதிலிருந்து சயனைடு வரும், கசப்பு ரகங்களில் கூடுதலாகவே இருக்கும். தோலும் உள்தோலும் உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் பாத்திரத்தை மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் உப்பும் மஞ்சளும் சேர்க்க வேண்டும். நம் பாட்டிமார் எல்லாரும் செய்தது இதுதான். குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு விசில் என்று எழுதியிருக்கிற ஒரு புத்தகத்தை நானே பார்த்திருக்கிறேன். அதை எழுதியவர் கிழங்கைச் சமைத்ததில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிட்டது. அப்புறம் அந்தப் புத்தகத்தில் வேறு எதையும் நம்பவும் மனசு வரவில்லை.

சரி, பெயர் சொல்லி ஒரு புத்தகம் கேட்டால் எல்லாரும் முதலில் சொல்வது எஸ். மீனாட்சி அம்மாளின் சமைத்துப் பார். 1951இல் முதலில் வந்தது, மூன்று பாகம், இன்றைக்கும் விற்கிறது. உனக்கு அது வேண்டுமா? முதல் பாகம் வேண்டும் என்பேன். எத்தனை அரிசிக்கு எவ்வளவு உப்பு, புளி எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும், பருப்பு எந்தப் பதம் என்று கூட நின்று பார்ப்பதுபோல எழுதியிருப்பார். அடுக்களை தெரியாத பிள்ளைக்கு அந்த நிதானம் பெரிய உதவி. ஆனால் அது முழுக்கச் சைவப் புத்தகம், மீன் கிடையாது. மூன்று பாகத்தையும் சேர்த்து வாங்க இப்போது அவசரமில்லை, பண்டிகையும் விசேஷமும் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மலையாளம் எழுத்துக்கூட்டியாவது வாசிக்கத் தெரிந்தால் உனக்கு இன்னொரு கதவு திறக்கும். களியக்காவிளை தாண்டி நெய்யாற்றின்கரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போகும்போது அங்கே புத்தகக் கடையில் நாடன் பாசகம் (நாட்டுச் சமையல்) என்று போட்ட புத்தகங்களைப் புரட்டு. துவரனும் (தேங்காய் சேர்த்த பொரியல்) தீயலும் (தேங்காய் வறுத்தரைத்த புளிக்கறி) எரிசேரியும் புளிசேரியும் நம் வீட்டு ருசியிலேயே அதில் இருக்கும். கவனிக்க வேண்டியது தேங்காய். கேரளப் புத்தகங்கள் பலவும் முற்றத்தில் தென்னை நிற்கிற வீட்டை மனதில் வைத்து எழுதியவை. நீ தேங்காய் காசு கொடுத்து வாங்குகிறவள், அதுவும் இப்போது விற்கிற விலைக்கு. அதனால் ஒரு தேங்காய்க் கணக்குப் போடு. காலை, மதியம், ராத்திரி என்று அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு நாளுக்கான சாப்பாட்டைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றிலும் உள்ள தேங்காயைக் கூட்டு. இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு அரைமுறி என்றால் நல்லது, ஒரு முழுத்தேங்காய் தாண்டினால் அது உனக்குக் கட்டுப்படியாகாது. தீயலுக்குத் தேங்காயைப் பாதியாக்கிக் கொத்தமல்லியையும் உள்ளியையும் (சின்ன வெங்காயம்) கூட்டி வறுத்து அரைக்கலாம், ருசி அவ்வளவாகக் குறையாது, ஆனால் புதிதாகச் சமைக்கிறவளுக்கு எங்கே குறைக்கலாம் என்று தெரியாது. அதைச் சொல்லித்தருகிற புத்தகம் கிடைத்தால் விடாதே.

பழைய புத்தகம் கிடைத்தால் அளவுகளில் ஏமாறாதே. ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்றெல்லாம் இருக்கும். இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி. படியே ஊருக்கு ஊர் மாறும், அதனால் மில்லியாக மாற்றிப் பார்ப்பதைவிட ஒரே டம்ளரை ஆழாக்காக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதாலேயே அளந்தால் விகிதம் கெடாது. பலம் என்றால் சுமார் 35 கிராம். இன்னொரு சிக்கல், பழைய புத்தகங்கள் எட்டுப் பேர் பத்துப் பேர் வீட்டுக்கு எழுதியவை. நாலில் ஒன்றாகக் குறைக்கும்போது உப்பும் புளியும் அப்படியே குறையும், தாளிக்கிற எண்ணெய் அந்த அளவுக்குக் குறையாது, வேகும் நேரமும் நாலில் ஒன்றாகாது. புதுப் புத்தகத்தில் இரண்டு பேருக்கு, நாலு பேருக்கு என்று தெளிவாகப் போட்டிருந்தால் அதற்காகவே ஐம்பது ரூபாய் கூடக் கொடுக்கலாம், ஏனென்றால் மீந்து ஊசிப்போகிற கறிதான் ஒரு வீட்டில் பெரிய நஷ்டம்.

உடம்புக்கு நல்லதா என்று எப்படிப் பார்ப்பது என்றும் கேட்டாய். ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 1918இல் குன்னூரில், பி வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயும் சின்ன இடமாகத் தொடங்கி, 1958இல் ஹைதராபாத்துக்குப் போனது. அவர்கள் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு தட்டு போட்டுக் காட்டியிருக்கிறார்கள்: தானியம் 250 கிராம், பயறு பருப்பு முட்டை மீன் எல்லாம் சேர்த்து 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம், கொஞ்சம் கொட்டை விதைகள். நம் வீட்டுத் தட்டோடு இதை ஒப்பிட்டால் உடனே தெரியும், சோறு கூடுதல், காய்கறி பாதிகூட இல்லை. எண்ணெய்க் கணக்குப்படி உங்கள் இரண்டு பேருக்கு மாதம் இரண்டு லிட்டருக்குள் போதும். ஆக, நீ வாங்கப்போகும் புத்தகத்தில் இரண்டு பேருக்கான ஒரு பொரியலுக்கு நாலு மேசைக்கரண்டி எண்ணெய் என்று போட்டிருந்தால், அந்த ஒரு பொரியலிலேயே ஒரு நாள் கணக்கு முடிந்துவிட்டது என்று புரிந்துகொள்.

குன்னூர் ஆய்வுகளைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, வகுப்பில் நான் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம் அதில் ஒன்று. ஆந்திராவின் வடகடலோர மாவட்டங்களில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களுக்குப் பெரிபெரி வந்தது, புழுங்கல் அரிசி சாப்பிட்ட பகுதிகளில் அது அவ்வளவாக இல்லை. நெல்லை வேகவைத்துக் காயப்போடும்போது தவிட்டில் இருக்கிற பி வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போகாது. நம் வீடுகளில் உண்ணும் கொட்டை அரிசிப் புழுங்கல் சோற்றைக் கேவலமாக நினைத்து, எல்லாவற்றுக்கும் மெல்லிய வெள்ளை அரிசி போடச் சொல்லும் புத்தகம் விலையிலும் சத்திலும் உன்னை நஷ்டப்படுத்தும். வடித்த கஞ்சித்தண்ணீரை என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருந்தால் அந்த ஆசிரியர் நம் ஆள். அதில் உப்புப் போட்டுக் குடிக்கலாம், கீரை வேகவைக்கலாம், புளிக்கறியைக் கெட்டிப்படுத்தலாம்.

சத்து என்ற பெயரில் ஏமாற்றுகிற புத்தகங்களும் உண்டு. சர்க்கரை நோய் தீரும், தைராய்டு போகும், முப்பது நாளில் பத்துக் கிலோ குறையும் என்று அட்டையிலேயே போட்டிருந்தால் தொடாதே. சமையல் நோயைக் கட்டுக்குள் வைக்க உதவும், மருந்தை நிறுத்தச் சொல்லாது. 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு சிறுதானியப் புத்தகங்கள் நிறைய வந்தன. நல்ல உணவுதான், எனக்கும் ராகிக்கூழ் பிடிக்கும். ஆனால் வரகும் சாமையும் நம் வயலில் விளைவதில்லை, இங்கே கடையில் பொன்னி அரிசியைவிட விலை கூடுதல். ராகி மட்டும் வாங்கு, மற்றவற்றுக்காகத் தனிப் புத்தகம் வேண்டாம். அந்தக் காசுக்குக் காணமும் (கொள்ளு) சிறுபயறும் வாங்கினால் 100 கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம் கிடைக்கும்.

ரேஷன் கார்டு இருக்கிறதா? வாடகை வீட்டு முகவரிக்கு மாற்றாவிட்டால் முதலில் அதைச் செய். அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி இலவசம், கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு, லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயில். உன் சமையலின் அஸ்திவாரம் அதில் பாதி வந்துவிடுகிறது. ரேஷன் அரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லிக்கும் தோசைக்கும் ஊறப்போடு, கஞ்சிக்குப் போடு, இடித்துத் தேங்காய் சேர்த்துப் புட்டு அவி. ரேஷன் அரிசியைப் பல விதமாகப் பயன்படுத்தச் சொல்லித்தரும் சமையல் புத்தகம் அச்சில் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் புட்டு, கொழுக்கட்டை, இடியாப்பம், அடை எல்லாம் விரிவாக இருக்கிற புத்தகம் அந்த வேலையைச் செய்துவிடும்.

மீன் பகுதிக்கு வருகிறேன், இதில் எனக்குப் பிடிவாதம் கூடுதல். செலவு குறைவாகச் சமைக்கிற வீட்டுக்கு வஞ்சிரமும் இறாலும் வேண்டாம். சாளையும் நெத்திலியும் அயிலையும் (கானாங்கெளுத்தி) போதும். சாளையின் கொழுப்பு உடம்புக்கு நல்லது, நெத்திலியை முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச்சத்தும் சேரும். புத்தகத்தில் மீன் பகுதியைத் திறந்ததும், நல்ல மீனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எழுதியிருக்கிறதா பார். செவுள் சிவப்பாக, கண் துருத்திக்கொண்டு, விரலால் அழுத்தினால் குழி விழாமல் மீள வேண்டும். அடுத்து, அறுப்பதைச் சொல்கிறதா? கத்தரிக்கோலால் துடுப்பையும் வாலையும் நறுக்கி, தலையிலிருந்து வயிறுவரை ஒரு கீறு போட்டுக் குடலை எடுத்து, மண்சட்டியின் சொரசொரப்பான அடியில் கல்லுப்புப் போட்டு நாலு உரசு உரசினால் செதில் போய்விடும், மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினால் சாளை பளபளவென்று வந்துவிடும். அரை மணிக்கூர் வேலை இது. இதைத் தெரியாதவள் பயந்துபோய் வெட்டிச் சுத்தம் செய்த துண்டு மீனை இரண்டு மடங்கு விலைக்கு வாங்குகிறாள்.

நம் பக்கத்துச் சாளைக்கறிக்கு எண்ணெயே கிட்டத்தட்ட வேண்டாம். கால்முறித் தேங்காய், இரண்டு ஸ்பூன் மல்லித்தூள், ஒரு ஸ்பூன் வத்தல் மிளகுத்தூள் (மிளகாய்த்தூள்), மஞ்சள், நாலு உள்ளி இவற்றை வெண்ணெய் மாதிரி அரைத்து, புளித்தண்ணீரில் கரைத்து, கீறின பச்சைமிளகாயும் ஒரு முருங்கைக்காயும் போட்டுக் கொதிக்கவைத்து, மீனைப் போட்டபின் கரண்டி போடாமல் சட்டியைச் சுழற்றி, இறக்கும்போது கறிவேப்பிலையும் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெயும். கடைப் புத்தகங்கள் பலவும் இதே கறிக்கு வெங்காயம், தக்காளி எல்லாம் வதக்கச் சொல்லும், எண்ணெயும் கேஸும் கூடுதலாகப் போகும்.

மீன் வருஷம் முழுக்க ஒரே விலையில் கிடைக்காது என்பதும் ஒரு சமையல் புத்தகத்துக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த இரண்டு மாதமும் மழை மாதம், மீன் விலை ஏறும். அப்போது கருவாடும், சக்கைக்குருவும், காணத் துவையலும், முட்டைத் தீயலும்தான் கை கொடுக்கும். கருவாட்டைச் சுடுதண்ணீரில் போட்டு உப்பை இறக்கிவிட்டுத்தான் சமைக்க வேண்டும், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு மொத்தமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அயிலைக்கருவாடும் ஊறுகாயும் பப்படமும் ஒரே இலையில் வந்தால் அது காற்றில் பறந்துவிடும்.

எல்லாவற்றையும்விட ஒரு புத்தகத்தின் தரத்தை எனக்குக் காட்டிக்கொடுப்பது துவரன் பக்கம். சில புத்தகத்தில் கோஸ் துவரன், பீன்ஸ் துவரன், கேரட் துவரன் என்று பெயரை மட்டும் மாற்றி ஆறு பக்கம் ஓட்டியிருப்பார்கள். நல்ல புத்தகம் ஒரு முறையைச் சொல்லி, காய்க்குக் காய் எது மாறும் என்று சொல்லும். தேங்காய், சீரகம், ஒரு பல் பூண்டு, பச்சைமிளகாய், மஞ்சள் இவற்றைத் தண்ணீர் விடாமல் சதைத்துக்கொள்வது எல்லாவற்றுக்கும் பொது. வாழைக்கூம்பை அரிந்ததும் ஒரு ஸ்பூன் எண்ணெய் போட்டுப் பிசறினால் கறுக்காது. முருங்கைக்கீரையை மூடி வைத்து வேகவிட்டால் நிறம் கெடும். பப்பாளிக்காய் தானே தண்ணீர் விடும், தனியாகத் தண்ணீர் வேண்டாம். சக்கைக்குருவை முதலில் வேகவைத்துக்கொள்ள வேண்டும். ஏத்தங்காய்த் தோலைப் பெரும்பயறோடு சேர்க்க வேண்டும். இப்படி ஒரு பக்கம் கிடைத்தால் அன்றன்றைக்குச் சந்தையில் எது மலிவோ அதை வாங்கி வரும் தைரியம் உனக்கு வந்துவிடும். அந்தத் தைரியம்தான் மாசச் செலவைக் குறைக்கிறது.

அடுத்தபடியாக, மீந்ததைப் பற்றிப் பேசுகிறதா? ராத்திரி மீந்த சோற்றில் தண்ணீர் விட்டு வைத்தால் காலையில் பழங்கஞ்சி, தயிரும் உள்ளியும் காந்தாரி மிளகாயும் போதும். மீந்த அவியலில் கொஞ்சம் புளித்த மோர் விட்டால் புளிசேரி மாதிரி ஆகும். பயறு நேற்று ஊறவைத்தது மிச்சமிருந்தால் ஒரு துணியில் கட்டி முளைக்கட்டு. முளைத்தால் வைட்டமின் சி சேரும், பயறில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதும் சுலபமாகும். கீரைக்கும் பயறுக்கும் ஒரு மூடி எலுமிச்சை பிழி, சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, டீ இரும்பைப் பிடித்துவைத்துவிடும். இது பைசா செலவில்லாத சத்து, கல்யாணமான பெண்பிள்ளைகளுக்கு அவசியமும்கூட.

கேஸைப் பற்றி ஒரு வார்த்தை. பயறை ராத்திரியே ஊறவைக்கச் சொல்கிற, குக்கரில் பருப்புக்கு மேலே இன்னொரு பாத்திரத்தில் காயையும் வைக்கச் சொல்கிற புத்தகம் உனக்குத் தோழி. காலையில் எட்டரைப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவளுக்கு நேரமும் காசுதான்.

உடனே வாங்காதே. முதலில் நூலகத்துக்குப் போ. நம் மாவட்டத்தில் வாசகசாலைப் பழக்கம் பழையது, 1945இல் பி. என். பணிக்கர் திருவிதாங்கூரின் நூலகங்களை எல்லாம் ஒரு சங்கமாகச் சேர்க்கத் தொடங்கியபோது நாமும் அந்த ராஜ்ஜியத்தில்தான் இருந்தோம். உறுப்பினராகி இரண்டு புத்தகம் எடுத்து, பதினைந்து நாள் வைத்துச் சமைத்துப் பார். எந்தப் புத்தகத்தின் பக்கத்தில் மஞ்சள்கறை படுகிறதோ அதன் புதுப்படியைக் கடையில் வாங்கி, நூலகப் புத்தகத்தை, பாவம், கறையைத் துடைத்துத் திருப்பிக் கொடு. கிழங்குச் சமையலுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் அவர்களுடைய வெளியீடுகளை விசாரி.

கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கு. உன் அம்மாவிடமும் மாமியாரிடமும் போனில் கேட்டு எழுதுவது அதில்தான். கொஞ்சம், அப்படியே, கண்ணளவு என்றுதான் சொல்வார்கள். விடாதே, அடுத்த முறை போகும்போது அவர்கள் கையில் அள்ளுவதை உன் ஸ்பூனில் போடச் சொல்லி அளந்துகொள். என் அம்மாவின் ஒரு சிட்டிகை நல்லமிளகுத்தூள் என் ஸ்பூனில் முக்கால் ஸ்பூன் வந்தது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வருஷம் ஆனது. உளுந்தஞ்சோற்றுக்கு ஒரு டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் கறுத்த உளுந்து, பத்துப் பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், கால்முறித் தேங்காய் என்பதை முதல் பக்கத்தில் எழுதிக்கொள். எள்ளுத் துவையல் அரைத்தால் வேறு கறி வேண்டாம், ஒரே பாத்திரத்தில் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது.

இந்தச் சனிக்கிழமை லீவு என்றாய். நூலகம் போய் இரண்டு புத்தகம் எடுத்து, துவரன் பக்கம், கிழங்குப் பக்கம், மீன் பக்கம் மூன்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு மக்களே, பார்த்துச் சொல்கிறேன். வருகிற வழியில் அரைக்கிலோ சாளை வாங்கி மேலே சொன்னபடி கறி வை. அன்றைக்குப் புளி தூக்கலாகத் தெரிந்தால் கவலைப்படாதே, பாதியை மண்சட்டியிலேயே மூடி வை, மறுநாள் காலை கிழங்கோடு எடுக்கும்போது சரியாகியிருக்கும்.